பணிவாழ்வில் வழிகாட்டிகள்: ஆனந்த் தரும் சான்று

வேலைக்குப் புதிதாக வருவோருக்குப் பயிற்சி அளிக்க நம் நாட்டில் ஏற்பாடுகள் பல உள்ளன. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், தொழிற்சாலையிலேயே இளைஞர் வேலை கற்க வகை செய்தது. இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வு பெறுவோர் மாவட்ட ஆட்சியரின் கீழ்ப் பயிற்சி பெறுகின்றனர். ஆயினும் இவை பெரும்பாலும் பணியின் தொடக்கக் காலத்தோடு முடிவடைந்து விடுகின்றன. அதன் பின்னர் வரும் முப்பது ஆண்டுகளில் யாரிடம் கற்பது என்பதை எந்தச் சட்டமும் வரையறுக்க இயலாது. அதனை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது. அத்தேடல் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு, அந்நாளில் கேடா மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆனந்த் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தவை தக்க சான்றாகும்.

சிபாரிசு வேறு, வழிகாட்டல் வேறு

கோழிக்கோட்டில் பிறந்த வர்கீஸ் குரியன், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, ஜாம்ஷெட்பூரில் டாட்டா எஃகு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவருடைய நெருங்கிய உறவினரான ஜான் மத்தாய் அந்நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவர். அந்த உறவின் நிழலில் வளர விரும்பாத குரியன் அங்கிருந்து விலகினார். செல்வாக்குள்ள உறவினர் ஒருவரால் வேலை வாங்கித்தர இயலும்; வேலையைக் கற்றுத்தர இயலும் என்று சொல்வதற்கில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது நம் அலுவலகங்களில் இன்றும் காணப்படும் மயக்கம்.

பின்னர் அரசின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர், 1949 மே மாதம் ஆனந்தில் இருந்த அரசுப் பாற்பண்ணை நிலையத்திற்கு அனுப்பப்பட்டார். பால் தொழில் அவர் விரும்பித் தேர்ந்ததன்று. ஊரும் பிடிக்கவில்லை, செய்வதற்குப் பெரிதாக வேலையும் இல்லை. ஒப்பந்தக் கடப்பாடு தீர்ந்ததும் புறப்பட்டுவிடவே எண்ணியிருந்தார்.

அதே வளாகத்தில்தான் 1946இல் பதிவு செய்யப்பட்ட கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம், பழுதடைந்த பழைய இயந்திரங்களுடன் இயங்கி வந்தது. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல், விடுதலைப் போரில் சிறை சென்றவர். குரியனை விடப் பதினெட்டு வயது மூத்தவர். இயந்திரங்கள் நிற்கும்போதெல்லாம் இளம் பொறியாளரின் உதவியை நாடினார். குரியன் புறப்படத் தயாரானபோது, சிறிது காலம் தங்கிச் சங்கத்திற்கு உதவுமாறு கேட்டுக்கொண்டார்.

பட்டேலுக்குப் பொறியியல் தெரியாது. ஆனால் உழவர்களின் மனத்தை அவர் அறிந்திருந்தார். கிராமம் கிராமமாகச் சென்று சங்கங்களை அமைத்தவர் அவரே. உழவர்களையும் அரசியலையும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, நிர்வாகத்தை முழுமையாக இளைஞரிடம் ஒப்படைத்தார். அதில் தலையிடவும் இல்லை. மூத்தோர் பலருக்கு அறிவுரை கூறுவது எளிது, ஒதுங்கி நிற்பதே அரிது.

இணையான தோழரே ஆசிரியர்

அடுத்த இடர் தொழில்நுட்பம் சார்ந்தது. எருமைகள் குளிர்காலத்தில் மிகுதியாகப் பால் கறக்கும். அந்த மிகுதியைப் பம்பாய் நகரம் முழுவதும் வாங்கிக்கொள்ள இயலவில்லை. எஞ்சிய பாலைப் பொடியாக்கினாலன்றி உழவர்க்கு நட்டம். ஆனால் பசும்பாலில் ஏறத்தாழ 4 சதவீதமாக உள்ள கொழுப்பு எருமைப்பாலில் 7 சதவீதத்தை எட்டும். அதனைப் பொடியாக்க இயலாதென்று வெளிநாட்டு நிபுணர்கள் கருதினர். இதனைச் சாதித்துக் காட்டியவர், மிச்சிகனில் குரியனுடன் பழகிய எச்.எம். தலாயா. குரியனே அவரை ஆனந்திற்கு அழைத்து வந்தார். 1955 அக்டோபரில் பண்டித நேரு புதிய பால்பொடி ஆலையைத் திறந்து வைத்தார்.

பதவியில் தமக்குக் கீழுள்ள ஒருவரை ஆசிரியராக ஏற்க, மேலதிகாரிக்குத் தன்னடக்கம் தேவை. குரியன் பொறியாளர்; பாலின் நுட்பத்தைத் தலாயாவிடமும் உழவரின் தேவையைப் பட்டேலிடமும் கற்றார். இருவருள் எவரும் மற்றவரின் பாடத்தைக் கற்பித்திருக்க இயலாது. எல்லாம் அறிந்த ஒரே குருவைத் தேடி ஏமாற்றமடையும் இளைஞர்கள் இதனைக் கவனித்தல் நலம்.

அரசு அலுவலர்க்கு இதில் ஒரு தடை உண்டு. நல்ல மேலதிகாரி ஒருவர் அமைந்து ஓரிரு ஆண்டுகளில் மாறுதல் ஆணை வந்துவிடுகிறது. ஆயின் கிராமக் கணக்குகளின் நுணுக்கத்தை நெடுநாள் கண்ட எழுத்தர், நிலத்தடி நீரின் போக்கை அறிந்த உழவர் போன்றோர் எந்த வட்டத்திலும் இருக்கின்றனர். அவர்களிடம் வினவுவதற்கு ஆணை எதுவும் தேவையில்லை.

ஆனந்தில் 1979இல் ஊரக மேலாண்மைக் கழகம் தொடங்கப்பட்டபோது, மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வது பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக்கப்பட்டது. அங்கே வகுப்பறையும் இல்லை, பேராசிரியரும் இல்லை; விடியலில் பால் கறந்து சங்கத்திற்குக் கொண்டு வருவோரிடமே அவர்கள் கேட்டறிய வேண்டும்.