வண்ணம் பெற்ற தொட்டிகள்

வீதியோரத்துக் குப்பைத் தொட்டியை யாரும் நின்று பார்ப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிச் செல்வதே வழக்கம். அத்தொட்டியின்மீது அவ்வூரின் மணிக்கூண்டும் கடைத்தெருவும் வரையப்பட்டிருந்தால் மக்கள் சற்றே நிற்பார்கள் அல்லவா? இந்த எளிய எண்ணத்தை உலகின் பல நகரங்கள் செயற்படுத்தி வருகின்றன. மறுசுழற்சித் தொட்டிகளை அழகுபடுத்தும் பணி ஓவியர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது.

ஸ்பெயின் நாட்டு வீதிகளில் கண்ணாடிப் போத்தல்களைச் சேகரிக்கப் பச்சை நிறத் தொட்டிகள் உள்ளன. கவிழ்த்த கிண்ணம் போன்ற அவற்றைப் பனிவீட்டின் பெயரால் 'இக்ளு' என்று மக்கள் அழைக்கின்றனர். மார்பகப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்ச்சிக்காக, அகதா ருயிஸ் தே லா பிராதா என்னும் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் இத்தகைய தொட்டிகளுக்கு இளஞ்சிவப்புக் கோலம் கொடுத்தார். போத்தல் போட வந்தவர்கள் ஒரு நற்செய்தியையும் அறிந்து சென்றனர்.

ஓவியத்தின் ஆற்றலை நம் நாட்டிலேயே காணலாம். 2012ஆம் ஆண்டில் பினாங்கு ஜோர்ஜ்டவுன் ஆர்மேனியன் வீதியில், சைக்கிளில் செல்லும் இரு சிறுவர்களின் படம் பழைய சுவரொன்றில் வரையப்பட்டது. அதனைக் காண இன்றும் மக்கள் வரிசையில் நிற்கின்றனர். கவனிப்பாரற்றுக் கிடந்த சுவர் ஊரின் பெருமையாயிற்று. தம்முடையது என்று எண்ணும் பொருளை மக்கள் பாழாக்கத் தயங்குவார்கள்.

எனினும், அழகு மட்டும் போதாது. நம் நாட்டில் நீலத் தொட்டி தாளுக்கும், பழுப்புத் தொட்டி கண்ணாடிக்கும், செம்மஞ்சள் தொட்டி பிளாஸ்டிக், அலுமினியம், தகரம் ஆகியவற்றுக்கும் உரியவை. ஓவியம் இந்த அடையாள நிறத்தை மறைத்துவிட்டால் பொருள்கள் இடம் மாறி விழும். சிங்கப்பூரில் நீலத் தொட்டிகளில் சேர்வனவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாதவை என அந்நாட்டு அரசு தெரிவித்துள்ளது.

பிரித்துப் போடுவது ஏன் இவ்வளவு முக்கியம்? பழைய கண்ணாடி நொறுக்கப்பட்டு, ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கப்பட்டு, மீண்டும் போத்தலாகிறது. மணலைப் புதிதாக உருக்குவதைவிட இதற்கு எரிபொருள் குறைவாகவே தேவை. ஆனால், பீங்கான் அவ்வுலையில் உருகாது. உடைந்த பீங்கான் தட்டோ பழைய பால் மங்கோ கலந்துவிட்டால், அதன் துண்டு புதிய போத்தலில் கல்லாக நின்று விரிசலை உண்டாக்கும். ஆகவே, பீங்கானைக் கண்ணாடித் தொட்டியில் போடலாகாது.

தோட்டத்தில் வாழும் நமக்கும் இதில் பாடமுண்டு. வீட்டுக்குப் பின்னால் வீசிய போத்தலில் மழைநீர் தேங்கினால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். உடைந்த போத்தலோ, விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்பவரின் காலைக் கிழிக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளிடம் தூரிகையைக் கொடுத்துப் பார்ப்போம். தொட்டியின் நிறத்தையும் வாயையும் மறைக்காமல் பால்மரத்தையும் கோயிலையும் பள்ளியையும் அவர்கள் வரையட்டும். தம் பிள்ளை வரைந்த தொட்டியைத் தாண்டிச் சென்று குப்பையை வெளியே வீச எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது.