மச்சான்மாரின் மைதானம்

கிழக்கிலங்கைக் கரையில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, அசர் தொழுகை முடிந்ததும் பந்து உருளும். மஃரிப் பாங்கு சொன்னதும் நிற்கும். அதில் மாற்றமில்லை. களத்தில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பதுதான் மாறிவிட்டது.

அன்று

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீடும் பேசப்படும். குடியிருந்த வீட்டையே அவளுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் சின்ன வீடொன்று கட்டி ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்ற வம்சப் பிரிவும் தாய்வழியில்தான் வரும். பக்கத்துத் தமிழருக்கும் உள்ள வழமை இது. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருந்தார்.

ராத்தாவும் தங்கச்சியும் ஒரே வளவில் வாழ்ந்ததால் அவர்களின் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் பந்து உதைத்து வளர்ந்தார்கள். சாச்சி மகன் தம்பி, மாமி மகன் மச்சான். கல்முனை ஸாஹிராவுக்கோ மருதமுனை அல்-மனாருக்கோ ஆடப் போகும்போது, ஒருவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று மற்றவனுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. காக்காவுக்குக் கால் வளர்ந்தால் பூட்ஸ் தம்பிக்கு வரும். முனையில் பழந்துணி அடைத்துக்கொண்டு இறங்குவான். வேற்றூரில் நன்றாக ஆடிய ஒருவர் இங்கே கல்யாணம் முடித்தால், பெண் வீட்டார் அவரைத் தங்கள் கழகத்துக்கே இழுப்பார்கள். உம்மாவின் ஊரோடு போட்டி வரும் நாள் அவருக்குப் பெரிய சோதனை.

ஆடியவர்கள் ஆண்கள். அந்த அணியைக் கட்டியது பெண்களின் வளவு.

இன்று

2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல், இலங்கையிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில்தான் எடுத்தது, 10,000க்கும் மேற்பட்டோர். சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைக் கரையோரத்தில் வீடுகள் வளவு வளவாக அழிந்தன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. தப்பியவர்கள் புதிய வீட்டுத் திட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரிலேயே வீடு எழுதப்பட்டது. ராத்தா ஒரு திட்டத்தில், தங்கச்சி இன்னொன்றில். பிள்ளைகள் பெருநாளைக்குத்தான் சந்திக்கிறார்கள். அதற்கு முன்பே தொடங்கிய வளைகுடாப் பயணம் இளைஞர்களைக் கத்தாருக்கும் சவூதிக்கும் கொண்டுபோயிருந்தது.

உறவு அறுந்துவிடவில்லை. தோஹாவில் உழைக்கும் மச்சான் ஊர்க் கழகத்துக்கு ஜேர்சி வாங்கக் காசு அனுப்புகிறார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது; பல ஊர்ப் பிள்ளைகள் அங்கே ஒரே அணியில் சேரலாம். ஆனால் ஒரே வளவில் இருந்தபோது தானாகத் தெரிந்த முறையை இப்போது கேட்டுத்தான் அறிய வேண்டும். "நீ ஆர்ர புள்ள மனே?" என்று பெரியவர் ஒருவர் விசாரிக்கும்போதுதான், இரண்டு வருடமாகப் பந்து கடத்திக் கொடுத்தவன் சாச்சி மகன் என்பது தெரியவரும்.

இடம்பெயர்ந்தாலும் உறவோடு ஆட முடியும். 2012இல் அமெரிக்க சமோவாவிலிருந்து யூட்டாவுக்குக் குடிபெயர்ந்த சூவெல் குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு ஆடினார்கள். பெனே, நோவா இருவரும் ஒரேகன் பல்கலைக்கழகத்துக்கே. அவர்களின் அமெரிக்க ஃபுட்போல் வேறு ஆட்டம். ஆனால் கடல் கடந்தும் அண்ணன் போன வழியில் தம்பி போனான். குடும்பம் ஒன்றாகப் போனதே அதற்கு வழிவிட்டது. நம் குடும்பங்களோ பத்து நிமிடத் தூரத்துக்குள் பிரிந்து கிடக்கின்றன.

கழகங்கள் இதைச் சரிசெய்யலாம். வீட்டுத் திட்டத்துப் பிள்ளைகளை, அவர்களின் உம்மா பிறந்த வட்டாரத்து அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இளையோர் போட்டிக்குப் பெயர் பதியும்போது தாயின் வளவையும் எழுதுங்கள். உம்மம்மாமாருக்கு எல்லா முறையும் மனப்பாடம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.