உறைபனியில் சோலார் விடுதிகள்: ஹீட்டர் போட்டால் நள்ளிரவில் கரண்ட் காலி!

ஊட்டி:-

நீலகிரியில் மின்கம்பம் போகாத எஸ்டேட் ஓரங்களில் சோலாரை மட்டுமே நம்பி நடக்கும் சின்னச்சின்ன காட்டேஜ்கள் உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி கொட்டும்போது இங்கே கூட்டம் கூடும். கரண்ட் மக்கர் செய்வதும் அப்போதுதான். நடுராத்திரியில் அறை இருட்டானால் திட்டு வாங்குவது முதலாளி அல்ல, ரூம்பாயும் வாட்ச்மேனும்தான். ஏன் இப்படி ஆகிறது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

மேகம்தான் வில்லன்

குளிர் அடித்தால் சோலார் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. சொல்லப்போனால் பேனல் சூடாகச் சூடாக 1 டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். கடல் மட்டத்தில் இருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், வானம் தெளிவாக இருக்கும் ஜனவரி பகலில் 2 கிலோவாட் பேனல் 8 யூனிட் வரை தரும். உறைபனி விழுவதே வானம் தெளிவாக இருக்கும் ராத்திரிகளில்தான். அதனால் பனி கொட்டிய மறுநாள் பெரும்பாலும் நல்ல வெயில்.

தொல்லை வருவது அதற்கு முன்னால். வடகிழக்கு பருவமழை காலத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கம் நாள் கணக்கில் மேகமூட்டம் நிற்கும். அப்போது அதே பேனலில் கால்வாசி வந்தாலே பெரிய விஷயம்.

நிழலையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், மே மாதத்தில் நிழல் விழாத இடத்தில் இப்போது சில்வர் ஓக் மர நிழல் விழும். பேனலின் ஒரு மூலையில் நிழல் பட்டாலும் அதோடு சேர்த்து இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் இறங்கி விடும். அதற்காக அரிவாளை எடுத்து விடாதீர்கள். மலைப்பகுதியில் மரத்தில் கை வைக்க அனுமதி வேண்டும், 1955-ம் ஆண்டு சட்டமே இருக்கிறது. பேனலை தள்ளி வைப்பதுதான் சுலபம்.

ஹீட்டர் கணக்கு

இப்போது முக்கியமான கணக்கு. 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 4 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7.2 யூனிட். ஆனால் பாதிக்கு கீழே இறக்கினால் பேட்டரி ஆயுள் போய்விடும். ஆக 3.6 யூனிட். பேட்டரி அறையில் குளிர் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் 100-க்கு 80 பங்குதான் கிடைக்கும். இன்வெர்ட்டர் தின்பது போக கையில் நிற்பது 2½ யூனிட் சொச்சம்.

3 அறைகளில் 9 வாட் பல்பு 10 எரிந்து, செல்போன் சார்ஜ், டி.வி. எல்லாம் ஓடினாலும் ராத்திரிக்கு 1 யூனிட்டை ஒட்டித்தான் ஆகும். தாராளம். இதில் ஒருவர் பையில் இருந்து 1500 வாட் ரூம் ஹீட்டரை எடுத்து சொருகினால் 2 மணி நேரம்கூட தாங்காது. அவ்வளவுதான், மூன்று அறையும் இருட்டு. கெட்டில், ஹேர் டிரையர், அயர்ன் பாக்சும் இதே ரகம்தான். "ஹீட்டர் போடக்கூடாது" என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். வந்து இறங்கிய பிறகு சொன்னால் சண்டைதான். அறைக்கு தனி எம்.சி.பி. போட்டு 2 ஆம்பியரோடு நிறுத்துவது இன்னும் நல்லது. ஒருவர் தப்பு செய்தால் அவர் அறை மட்டும் போகும்.

குளிக்க வெந்நீருக்கு விறகு பாய்லருக்கு ஈடு எதுவும் இல்லை. சோலார் வாட்டர் ஹீட்டர் வெயில் நாளில் சரி, மேகமூட்டத்தில் கை விரித்து விடும். பிளாட் பிளேட் வகையில் உறைபனி ராத்திரியில் குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்து வெடிக்கவும் கூடும். மோட்டாரை மதியம் 12 மணிக்கு போட்டு தொட்டியை நிரப்பி விட்டால் பேட்டரிக்கு வேலை மிச்சம்.

உயிருக்கு ஆபத்து

ஹீட்டர் கிடையாது என்றதும் சிலர் கரி அடுப்பை அறைக்குள் வைத்து கதவு, ஜன்னலை சாத்தி விடுகிறார்கள். பார்பிக்யூ அடுப்பில் மிஞ்சிய தணலை உள்ளே கொண்டு வருபவர்களும் உண்டு. இதில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூட தெரியாது. மலை ஊர்களில் இப்படி உயிர் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. காற்றோட்டம் இல்லாத குளியல் அறையில் கியாஸ் கீசரும் இதே மாதிரி ஆபத்துதான். அடுப்பை உள்ளே கொண்டுபோகச் சொல்லி விருந்தாளி எவ்வளவு டிப்ஸ் நீட்டினாலும் ரூம்பாய் செய்யக்கூடாது. நாளைக்கு போலீஸ் நிலையத்தில் உட்கார வேண்டியது அவர்தான். கம்பளியை கூட ஒன்று கொடுங்கள், வெந்நீர் பை கொடுங்கள்.

பேட்டரி அறையை சூடாக்குகிறேன் என்று அங்கே தணல் வைப்பது அதைவிட மோசம். சார்ஜ் ஏறும்போது லெட் ஆசிட் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். அந்த அறைக்கு மேல்பக்கம் காற்று போக வழி வேண்டும். பேட்டரியை சிமெண்ட் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைத்து, சுற்றி தெர்மாகோல் அடித்தால் குளிர் குறையும். தண்ணீர் ஊற்றுவது சார்ஜ் ஏறிய பிறகு, அதுவும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய் தண்ணீர் ஊற்றினால் 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பேட்டரி சீக்கிரமே காயலான் கடைக்கு போகும். லித்தியம் பேட்டரிக்கு தண்ணீர் வேலை இல்லை, ஆனால் பூஜ்ஜியத்துக்கு கீழே குளிர் போனால் சார்ஜ் ஏற்றக்கூடாது.

புதிதாக காட்டேஜ் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோலார் கொட்டேஷன் வாங்கும் முன்பு இடத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று பாருங்கள். சீகூர் யானை வழித்தடத்தில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி 2018-ல் ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்கப்பட்டது. அந்த வழித்தடம் செல்லும் என்று 2020-ல் தீர்ப்பும் வந்து விட்டது.

காலையில் பேனல் மேல் வெள்ளையாக உறைபனி படிந்து இருந்தால் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். சுரண்டவும் வேண்டாம். வெயில் ஏறினால் தானே உருகி வழிந்து விடும், கூடவே தூசியையும் கழுவிக்கொண்டு போகும்.