"நேத்து ஏன் வரல?"

லாக்டவுன் சமயத்துல பதின்ம வயசுல இருந்தவங்களோட மனச்சோர்வு பத்தித்தான் இன்னைக்கு எபிசோடு. கேட்டுட்டு இருக்குற உங்கள்ல பல பேர் அப்போ ஸ்கூல் படிச்சிருப்பீங்க.

தேதிகளை முதல்ல பாத்துடலாம். தமிழ்நாட்டுல 2020 மார்ச் மாசம் பள்ளிகளை மூடினாங்க. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல. மூடினப்போ ஏழாவது படிச்ச ஒரு பையன் எட்டாவதை முழுசா வீட்டுலயே முடிச்சிட்டான். அடுத்து அவன் கிளாஸ்ரூம்ல உக்காந்தது ஒன்பதாவதுலதான்.

பெரியவங்களும்தானே வீட்டுல அடைஞ்சு கிடந்தாங்க, பிள்ளைகளுக்கு மட்டும் என்ன தனியானு கேக்கலாம். அந்த வயசுலதான் நாம அப்பா அம்மாகிட்ட இருந்து கொஞ்சம் விலகி, நண்பர்கள் வழியா 'நான் யாரு'னு கண்டுபிடிக்க ஆரம்பிக்கிறோம். அந்த வேலை நடக்கவேண்டிய நேரத்துல நண்பர்களே இல்லாம போச்சு.

பதின்ம வயசு மனச்சோர்வு எப்பவும் அழுகையா வெளிய தெரியாது. எரிஞ்சு விழறது, பிடிச்ச விளையாட்டுலகூட ஆர்வம் போறது, தூக்கமும் பசியும் மாறிப்போறதுன்னு வரும். வீட்டுல அதுக்கு வச்ச பேரு 'திமிரு', 'சோம்பேறித்தனம்', 'எந்நேரமும் போனு'. இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள் தொடர்ந்து இருந்தா, அது வெறும் மூட் இல்ல, கவனிக்கணும்.

இது எவ்வளவு பரவலா இருந்துச்சு? பல நாடுகள்ல நடந்த 29 ஆய்வுகளை, மொத்தம் சுமார் 80,000 பேரோட தரவுகளை, சேர்த்துப் பாத்து 2021-ல ஒரு கட்டுரை வந்துச்சு. குழந்தைகள், பதின்ம வயசினர்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்ததா அது சொல்லுது.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவோட சிடிசி 2021-ல உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்கிட்ட எடுத்த சர்வே. ஸ்கூல்ல இருக்குறவங்களோட நெருக்கமா உணர்றேன்னு சொன்னவங்கள்ல 35 சதவீதம் பேருக்குத் தொடர்ச்சியான சோகமோ நம்பிக்கையின்மையோ இருந்துச்சு. அப்படி நெருக்கம் இல்லைன்னு சொன்னவங்கள்ல 53 சதவீதம். நெருக்கம் இல்லாததாலதான் சோகம் வந்துச்சுன்னு இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. சோகமா இருக்குறவங்களுக்கு நெருக்கமும் குறைவாத் தெரியலாம். ஆனாலும் இந்த வித்தியாசம் சின்னது இல்ல.

'அதான் வாட்ஸ்அப் இருந்துச்சே, ஆன்லைன் கிளாஸ் இருந்துச்சே'ன்னு சொல்லலாம். இருந்துச்சு. பல வீட்டுல ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவோட வேலைக்குப் போயிடும். போன் கையில இருந்தவங்களும் கேமராவை ஆஃப் பண்ணிட்டா, அவங்க அங்க இருக்காங்களா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. நேர்ல அப்படி முடியாது. ஒருநாள் லீவு போட்டா மறுநாள் பெஞ்சுல பக்கத்துல இருக்குறவன் கேப்பான்: "நேத்து ஏன் வரல?" நாம இல்லாதது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்குன்னு அதுல நமக்குப் புரியும். நெருக்கம்னு நான் சொல்றது இதைத்தான். ஆயிரம் ஃபார்வர்டு மெசேஜ் வந்தாலும் இது கிடைக்காது. அதே சமயம் போன்லயும் இதைக் கொடுக்க முடியும். அந்த சிடிசி சர்வேயிலயே, போன், கம்ப்யூட்டர் வழியா குடும்பத்தோடயும் நண்பர்களோடயும் தொடர்புல இருந்தவங்களுக்குப் பாதிப்பு குறைவாத்தான் இருந்துச்சு.

இன்னொன்னு, தனிமை ஒருநாள் எவ்வளவு கடுமையா இருந்துச்சுங்கிறதைவிட எவ்வளவு காலம் நீடிச்சதுங்கிறதுக்கும் மனச்சோர்வுக்கும்தான் தொடர்பு அதிகம்னு 2020-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு காட்டுது. அதனால மாசத்துக்கு ஒருதரம் ரெண்டு மணி நேரம் பேசறதைவிட, ரெண்டு நாளைக்கு ஒருதரம் ரெண்டு நிமிஷம் பேசறது மேல்னு எனக்குத் தோணுது.

'எப்படி இருக்க?'ன்னு கேட்டா 'நல்லாருக்கேன்'னு முடிஞ்சிடும். 'மூணு நாளா குரூப்ல உன்னைக் காணோமே, சாப்டியா?'ன்னு கேட்டுப் பாருங்க. பதில் வரலைன்னாலும் ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கேளுங்க. அறிவுரை வேண்டாம், கேட்டுக்கிட்டா போதும்.

வாழவே பிடிக்கலங்கிற மாதிரி யாராவது பேசினா, அதை ரகசியமா வச்சுக்காதீங்க. நம்புற ஒரு பெரியவர்கிட்ட சொல்லுங்க. 14416, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம். உங்களுக்கே தேவைப்பட்டாலும் தயங்காம கூப்பிடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். அதுக்குள்ள, ரொம்ப நாளா சத்தமே இல்லாத ஒரு ஃப்ரெண்டு ஞாபகம் வந்திருந்தா, போனை எடுங்க.