நேரம் குறித்து எழுதுங்கள்



1909-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய செவிலியர் பள்ளியை அறிவீர்கள். இத்தகைய பள்ளிகளில் ஊசி போடுவதோடு, கண்டதை எழுதவும் கற்பிக்கிறார்கள்.

கறம்பக்குடி போன்ற வயற்காட்டு ஊர்களில் இரவில் கட்டுவிரியன் தீண்டினால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. கடிவாய்கூடத் தெரியாமற் போகலாம். ஆகவே இமை சரிகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, நிமிடத்திற்கு எத்தனை மூச்சு என்று மாணவி விடியும்வரை கவனிக்க வேண்டும். மூச்சை எண்ணுவது நோயாளிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும்.

‘நலமாக இருக்கிறார்’ என்பது, எங்கள் எண்ணத்தில், குறிப்பே அல்ல. ‘இரவு 2.10: இமை பாதி மூடியது’ என்றிருந்தால்தான் விஷம் ஏறுவதை டாக்டர் அறிவார். எழுத்துப் பிழையை அழிக்கலாகாது. ஒரு கோடிட்டுக் கையொப்பமிட வேண்டும். நோயாளியைத் தஞ்சாவூருக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தத் தாளும் கூடவே போகும்.