பந்தய வண்டியும் காற்றும் விதியும்

பொத்தேரி ரயில் நிலைய மேடையில் நின்றோர், நில்லாது விரையும் நெடுந்தொலை வண்டியொன்று கடக்கும்பொழுது நிகழ்வதை அறிவர். முதலில் காற்று முகத்தில் அறையும். பின்னர்ச் சருகுகளும் தாள்களும் வண்டியின் பக்கம் இழுப்புண்டு, அதன் வாலைத் தொடர்ந்து சுழன்றோடும். காற்று தள்ளவும் இழுக்கவும் வல்லது என்பதை யாம் கற்றது அம்மேடையிலேயே. மோட்டார்ப் பந்தய வண்டியின் உடலமைப்பிற்கும் இவ்வுண்மையே அடிப்படை. இலக்கியம் பயிலும் எமக்கு இப்பொருளில் என்ன உரிமை என நேயர்கள் வினவலாம். யாப்பு விதி செய்யுளின் வடிவை ஆக்குதலைக் கற்கும் யாம், பந்தய விதி வண்டியின் வடிவை ஆக்குதலையும் அறிய அவாவினோம்.

விமானத்தின் சிறகு அதனை மேலே தூக்கும். அச்சிறகைத் தலைகீழாகப் பொருத்தின் வண்டி தரையோடு அழுந்தும். அழுந்தவே சக்கரங்கள் பிடிப்புற்று வளைவுகளில் வழுக்காது விரையும். ஆயின் அச்சிறகே காற்றைத் தடுத்து நேர்வழியில் வேகத்தைக் குறைக்கும். வண்டியின் அடித்தளமும் இவ்வாறு உதவும். தரைக்கும் தளத்திற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியில் காற்று விரைந்தோடுங்கால் அங்கே அழுத்தம் குறையும். மேலுள்ள காற்று வண்டியைக் கீழே அமுக்கும்.

1970களின் இறுதியில் லோட்டஸ் அணியார், பக்கங்களில் தரையைத் தொடும் தடுப்புக்களை அமைத்து இவ்வழுத்தத்தைப் பெருக்கினர். தடுப்பு பழுதுறின் பிடிப்பு ஒரு கணத்தில் அற்றுவிடும். ஓட்டுவோன் உயிருக்கே இடையூறு நேரும். ஆதலின் 1983இல் அடித்தளம் தட்டையாதல் வேண்டும் என விதித்தனர். 1994இல் இமோலா களத்தில் ராட்சன்பெர்கரும் செனாவும் அடுத்தடுத்த நாட்களில் உயிர் துறந்தனர். அவ்வாண்டிலேயே அடித்தளத்தில் பலகையொன்று பொருத்தப்படல் வேண்டும் என்ற விதி பிறந்தது. தளம் தரையை மிக நெருங்காதிருத்தலே அதன் நோக்கம்.

நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு விதிகள் முன்சிறகை உயர்த்தியும் பின்சிறகை முன்னே நகர்த்தியும் அழுத்தத்தைக் குறைத்தன. 2012இல் அவர் ஓட்டிய ஹிஸ்பானியா வண்டியின் மூக்கிலோ ஒரு படி காணப்பட்டது. மோதலின் கேடு குறைய மூக்கைத் தாழ்த்தும்படி விதி கூறிற்று. அதன் பின்னுள்ள உடல் உயர்ந்திருக்க இடந்தந்தது. அடியிற் செல்லும் காற்றை இழக்க விரும்பாத அமைப்பாளர் உடலை உயர்த்தியே வைத்தனர். இடையே படி விழுந்தது. விதி கேட்டது படியன்று. விதி விட்ட இடைவெளியே படியாயிற்று.

2026ஆம் ஆண்டிற்கென வகுத்த விதிகள் இன்னும் ஆழ்ந்தவை. மின்பொறியின் ஆற்றல் 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆக உயர்த்தப்பட்டது. நீண்ட நேர்வழியில் மின்கலம் விரைவில் வறளும். ஆதலின் காற்றின் தடையைக் குறைத்தே தீரல் வேண்டும். இதன் பொருட்டு, நேர்வழியில் படிந்தும் வளைவில் நிமிர்ந்தும் நிற்கும் முன், பின் சிறகுகளுக்கு இடந்தரப்பட்டது. 2011 முதல் 2025 வரை அசைந்தது பின்சிறகு மட்டுமே. வண்டியின் அகலமும் 2000 மில்லிமீட்டரிலிருந்து 1900 ஆகச் சுருங்கிற்று. இயந்திரத்திற்கு இட்ட விதி, இவ்வாறு உடலின் உருவையும் மாற்றியது.

2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த ஃபார்முலா நான்கு பந்தயத்தில் அனைவர்க்கும் ஒரே வகை வண்டி. ஆங்கு ஓட்டுவோன் திறன் ஒன்றே சோதிக்கப்படும். பொத்தேரியை அடுத்த எஸ்.ஆர்.எம். பொறியியல் மாணாக்கர் போட்டிகளுக்கென அமைக்கும் வண்டிகளோ அத்தகையன அல்ல. சிறகின் அளவிற்கு எல்லையுண்டு. எல்லைக்குள் அறிவு உலவ இடமும் உண்டு.

உயிரைக் காத்தலும் அறிவிற்கு இடந்தருதலும் ஆகிய இரண்டையும் செய்வதே நல்விதி. முன்னதை மறந்த விதி கொலைக்குத் துணையாகும். பின்னதை மறந்தது கலையைக் கொல்லும். தளையறிந்து பாடும் புலவனுக்கு வெண்பா சிறையன்று; காற்றறிந்து அமைப்போனுக்கு விதியும் அத்தகையதே என்பது எம் துணிபு.