மூணாவது நாள் மாத்திரை

"ஜலதோஷம் மருந்து சாப்பிட்டா ஒரு வாரத்துல போகும், சாப்பிடலன்னா ஏழு நாள்ல போகும்"னு ஒரு ஜோக் இருக்கு. எல்லாரும் கேட்டிருப்போம். ஆனா மூக்கு அடைச்சு, தொண்டை கரகரத்து, மறுநாள் இன்டர்னல் டெஸ்ட்டும் இருந்தா ஜோக் மறந்துடும். நேரா மெடிக்கல் ஷாப்தான். "அண்ணா, சளிக்கு ஸ்ட்ராங்கா ஏதாவது கொடுங்க." அவரும் மூணு அசித்ரோமைசின் கொடுப்பார். ரெண்டு நாள்ல சரியாயிடும். அப்போ மாத்திரை வேலை செஞ்சுதுதானே?

அங்கதான் ஒரு சின்ன சிக்கல். ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ். 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அதுல அதிகம் வர்றது ரைனோ வைரஸ். தொத்திக்கிட்ட ஒண்ணு முதல் மூணு நாளுக்குள்ள அறிகுறி தெரியும். ஆரம்பிச்ச ரெண்டாவது, மூணாவது நாள் தொல்லை உச்சத்துல இருக்கும். அப்புறம் தானாவே இறங்கி, 7 முதல் 10 நாள்ல சரியாகும். இருமல் மட்டும் ரெண்டு மூணு வாரம் இழுக்கலாம்.

இதை கிராஃபா வரைஞ்சு பாருங்க. எக்ஸ் அச்சுல நாள், ஒய் அச்சுல தொல்லை. நாம கடைக்குப் போறது எப்போ? தாங்க முடியாத மூணாவது நாள். அன்னைக்கு ஆன்டிபயாடிக் போட்டாலும், கஷாயம் குடிச்சாலும், சும்மா படுத்திருந்தாலும் கோடு கீழதான் இறங்கப் போகுது. ஆனா பேர் கிடைக்கிறது கடைசியா முழுங்கினதுக்கு. கன்ட்ரோல் இல்லாம ஒரே ஒரு ரீடிங் வெச்சு முடிவு எழுதினா லேப்ல ரெக்கார்ட் கையெழுத்தாகுமா?

ஆன்டிபயாடிக் ஏன் வேண்டாம்?

அமாக்சிசிலின், பாக்டீரியாவை செல் சுவர் கட்ட விடாது. அசித்ரோமைசின், பாக்டீரியாவோட ரைபோசோமைப் பிடிச்சு புரதத் தயாரிப்பை நிறுத்தும். வைரஸுக்கு செல் சுவரும் கிடையாது, சொந்த ரைபோசோமும் கிடையாது. ஆக, அந்த மாத்திரைக்கு அங்க வேலையே இல்லை. ஆனா நம்ம உடம்புல குடியிருக்கிற பாக்டீரியாக்கள் அடி வாங்கும். அதைத் தாங்கிப் பிழைக்கிறது பெருகும். நாளைக்கு நிஜமாவே நிமோனியா வரும்போது அதே மருந்து கைவிடலாம்.

பெனிசிலினைக் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் தன் நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார். 2012-ல் சென்னையில் மருத்துவர்கள் கூடி இதுக்காகவே ஒரு செயல்திட்டம் வகுத்தாங்க. அதுக்குப் பேரே 'சென்னைப் பிரகடனம்'. மாத்திரை அட்டையில சிவப்புக் கோடு இருந்தா, டாக்டர் சீட்டு இல்லாம சாப்பிடக்கூடாதுன்னு அர்த்தம். சளி மஞ்சளா, பச்சையா மாறினதை மட்டும் வெச்சு ஆன்டிபயாடிக் போட வேண்டாம். அந்த நிறம் நம்ம வெள்ளை அணுக்கள்ல இருந்தும் வரும்.

அப்போ என்ன செய்யலாம்?

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை ஸ்பூன் உப்பு போட்டு, தினமும் மூணு நாலு தடவை தொண்டை வரை கொப்பளிங்க. ரசம், கஞ்சி, சுக்குக் காபி எதுவும் வைரஸைக் கொல்லாது. ஆனா தொண்டைக்கு இதம், உடம்புல தண்ணியும் குறையாது. ராத்திரி இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் நல்லது. ஒரு வயசு நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தரக்கூடாது.

ஆவி பிடிச்சா கொஞ்ச நேரம் சுகமா இருக்கும், அவ்வளவுதான். ஹாஸ்டல் கட்டில்ல கொதிக்கிற கெட்டிலை வெச்சு, போர்வை போர்த்திப் பிடிக்காதீங்க. கவிழ்ந்தா சளியை விடப் பெரிய கதையாயிடும். தைலத்துல இருக்கிற மென்தால், குளிர்ச்சியை உணர்ற நரம்பைத் தூண்டி மூக்கு திறந்த மாதிரி காட்டும். அடைப்பு அப்படியேதான் இருக்கும். நெஞ்சுல தடவலாம், மூக்குக்குள்ள வேண்டாம்.

மாத்திரை போட்டா...

காய்ச்சல், தலைவலிக்கு பாராசிட்டமால் போதும். 4 முதல் 6 மணி நேர இடைவெளி விடுங்க, 24 மணி நேரத்துல 4 கிராமைத் தாண்டாதீங்க. பல ஜலதோஷ மாத்திரைகளுக்குள்ளேயும் பாராசிட்டமால் இருக்கு. அதையும் இதையும் சேர்த்துப் போட்டா அளவு மீறிடும், கல்லீரல் பாதிக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படிங்க. குளோர்பெனிரமின்னு போட்டிருந்தா தூக்கம் வரும். அதைப் போட்டுட்டு பைக் ஓட்டாதீங்க, எக்ஸாம் ஹாலுக்கும் போகாதீங்க. அடைப்பு நீக்குற மூக்குச் சொட்டு மருந்தை அஞ்சு நாளுக்கு மேல விட்டா, அதுவே அடைப்பைக் கூட்டும்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, காய்ச்சல் மூணு நாளாகியும் விடலை, சரியாகி வந்தது திரும்ப மோசமாகுது - இதுல எது இருந்தாலும் உடனே போங்க. ஆஸ்துமா இருக்கிறவங்க இன்னும் சீக்கிரமா.

மழைக்காலத்துல இன்னொண்ணும் கவனிக்கணும். மூக்கு ஒழுகலே இல்லாம திடீர்னு கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால வலி, உடம்பெல்லாம் முறிக்கிற வலின்னா டெங்குவா இருக்கலாம். ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் தொடாதீங்க, ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. ரத்தப் பரிசோதனை செய்யுங்க. டெங்குவுல காய்ச்சல் இறங்குற சமயம்தான் உஷாரா இருக்கணும். வயித்து வலி, தொடர் வாந்தி, ஈறுல ரத்தம் வந்தா தாமதிக்காம ஆஸ்பத்திரி.

மத்தபடி சாதாரண சளிக்கு வேண்டியது நாலஞ்சு நாள் பொறுமையும் தூக்கமும்தான். ரூம்மேட் படுத்துக் கிடந்தா, மாத்திரைக்கு அலையாம மெஸ்ல இருந்து ஒரு டம்ளர் சூடான ரசம் வாங்கிட்டு வந்து கொடுங்க. அப்படியே கையை சோப்பு போட்டுக் கழுவிடுங்க. அடுத்தது நீங்களா இருக்க வேண்டாமே!